அரணும் இல்லமும்

சாலவாக்கத்தில் வளர்ந்த எமக்கு வீடென்றால் முதலில் நினைவிற்கு வருவது திண்ணை. வழிப்போக்கன் அமர்ந்து இளைப்பாறிச் செல்வதற்கென்றே நம் முன்னோர் அதனை அமைத்தனர். ஆதலின், வாயிலுக்கு மேலே கல்லெறியும் துளை வைத்து வீடு கட்டிய மாந்தரும் உண்டெனப் படித்தபோது பெரிதும் வியந்தனம்.

அயர்லாந்து நாட்டில் டப்ளினுக்குத் தென்கிழக்கே டால்கி என்னும் கடற்கரையூர் உளது. இடைக்காலத்தில் லிப்பி ஆற்றின் முகத்துவாரம் மணல்மேடிட்டிருந்தமையால், பெருங்கலங்கள் டப்ளினை அணுகமாட்டாது டால்கியிற் சரக்கிறக்கின. அச்சரக்கைக் காக்க அங்கு ஏழு கோபுரவீடுகள் எழுந்தன. அவற்றுள் இரண்டே எஞ்சியுள்ளன.

நம் நாட்டில் இத்தகையது உண்டோ எனின், தரங்கம்பாடி டான்ஸ்பர்க் கோட்டையைக் கூறுவோம். தஞ்சை இரகுநாத நாயக்கரோடு 1620ஆம் ஆண்டில் உடன்படிக்கை செய்துகொண்டு, டென்மார்க்குத் தளபதி ஓவே கெட்டே அதனை எடுப்பித்தார். கீழ்த்தளத்தில் பண்டசாலையும் மடைப்பள்ளியும் சிறையும். மேல்தளத்தில் தலைவர், வணிகர், குருமார் ஆகியோர் உறையுளும் தேவாலயமும். கோட்டையென்று வழங்கினும், எம் கருத்தில் இது மதில் சூழ்ந்த வணிகர் மாளிகையே. எம் ஆசிரியர் இதனை ஒப்பவில்லை. பீரங்கிகளை மறந்தனையோ என்றார். மறந்திலேம். டால்கி வணிகனும் வாய்ப்பிருந்தால் பீரங்கி வைத்திருப்பான்.

இம்மாளிகையின் வலிமை வெளிப்பட்டது அதன் வறுமைக் காலத்தில். 1650இல் டேனியக் கம்பெனி கலைந்தது. தாய்நாட்டினின்று கப்பல் வருவது நின்றது. உடனிருந்தோர் ஒவ்வொருவராய்க் குறைய, 1655 அளவில் எஸ்கில் கொங்ஸ்பாக்கே என்னும் டேனியர் ஒருவரே தலைவராய் எஞ்சினார். எழுதப் படிக்க அறியாதவர் என்ப. நாட்டவர் துணைகொண்டு, நாயக்கர் படையின் முற்றுகைகளைத் தாங்கினார். வங்கக் கடலிற் பிறர் கலங்களைக் கைப்பற்றி விற்ற பொருளால் ஊருக்கு மதிலும் எடுத்தார். அது கொள்ளையே என்பதை மறைப்பதற்கில்லை. எனினும் ஆண்டுதோறும் அடிவானத்தை நோக்கி ஏமாந்த அம்மனிதர்பால் எமக்கு இரக்கமே மிகுகின்றது. 1669 மே திங்களில் ஒரு டேனியக் கப்பல் வந்தடைந்தது. கோட்டை அவர் கையிலேயே இருந்தது; அவரையே தலைவராக்கினர்.

நிற்க. புறப்பகைவரைத் தடுத்த அச்சுவர் பின்னர் ஓர் உட்பகையையும் கண்டது. 1708இல் சீகன்பால்க் ஐயரைச் சிறையிட்டு, நான்கு திங்கள் அங்கு வைத்தவர் அவர்தம் அரசரின் ஆளுநரே.

1845இல் டேனியர் தம் இந்தியக் குடியேற்றங்களைப் பன்னிரண்டரை இலட்சம் ரூபாய்க்கு ஆங்கிலக் கம்பெனிக்கு விற்றனர். இன்று அம்மாளிகையில் தமிழ்நாட்டுத் தொல்லியல் துறையின் அருங்காட்சியகம் உளது. அருகிலுள்ள மாசிலாமணிநாதர் கோயிலின் முன்பகுதியைக் கடல் கொண்டுவிட்டது. கோட்டைக்கும் அலைக்கும் இடையே இப்பொழுது கருங்கற்களைக் கொட்டியிருக்கின்றனர்.