வானவில் மீனுக்குச் சொந்த ஊர் எது?

கேள்வி: வீட்டுத் தொட்டிகளில் வளர்க்கப்படும் வானவில் மீன்களின் பூர்வீகம் எது?

பதில்: ஆஸ்திரேலியாவும் அதற்கு வடக்கே கிடக்கும் நியூகினித் தீவும். மெலனோடீனிடே என்ற நன்னீர் மீன் குடும்பத்தைச் சேர்ந்த இவை அங்குள்ள ஓடைகளிலும் சதுப்புகளிலும் ஏரிகளிலும் கூட்டமாகத் திரிகின்றன. முதுகில் இரண்டு துடுப்புகள், பக்கவாட்டில் தட்டையான உடல், பெரிய கண்கள் ஆகியவை குடும்ப அடையாளங்கள். பல இனங்களுக்கு ஒரே ஓர் ஏரிதான் தாயகம். உடல் முழுதும் சிவந்த இனம் செண்டானி ஏரிக்குரியது. நீல இனம் பாப்புவா நியூகினியின் குட்டுபு ஏரிக்குரியது. முன்பாதி நீலமும் பின்பாதி ஆரஞ்சுமாக, இரண்டு மீன்களை ஒட்டவைத்தது போலிருக்கும் போஸ்மன் வானவில் மீன், நியூகினியின் மேற்கு முனையில் உள்ள அயமாரு ஏரிகளிலிருந்து வந்தது.

கேள்வி: போஸ்மன் என்பவர் யார்? மீனுக்கு அவர் பெயர் ஏன்?

பதில்: மரினஸ் போஸ்மன், நெதர்லாந்தின் லைடன் நகர அருங்காட்சியகத்தில் பணிபுரிந்த மீனியல் அறிஞர். மேற்கு நியூகினி டச்சு ஆட்சியில் இருந்த 1954-55இல் அவர் அயமாரு பகுதியில் மீன்களைச் சேகரித்தார். அவை சாராயத்தில் பாதுகாக்கப்பட்டு ஐரோப்பா சென்றன. மஞ்சளும் ஆரஞ்சும் தரும் கரோட்டினாய்டு நிறமிகள் சாராயத்தில் கரைந்துவிடும். எஞ்சியது வெளிறிய மீன். அதைப் பார்த்து யாரும் வியக்கக் காரணமில்லை. ஜெரால்டு ஆலனும் நார்பர்ட் கிராஸும் 1980இல்தான் அதைப் புதிய இனமாக விவரித்து, சேகரித்தவரின் பெயரைச் சூட்டினார்கள். அதன் பிறகு உயிருள்ள மீன்கள் ஐரோப்பாவை எட்டியபோதுதான் அந்த நிறம் வெளியுலகுக்குத் தெரிந்தது. உடனே கிராக்கி ஏறியது; ஏரிகளில் பிடிப்பு மிகுந்து, இனம் அழியும் ஆபத்தில் உள்ளவற்றின் பட்டியலில் சேர்ந்தது. இன்று கடைகளில் கிடைப்பவை பெரும்பாலும் பண்ணைகளில் பிறந்தவை.

கேள்வி: கடையில் பார்க்கும்போது அவை மங்கலாகத்தானே இருக்கின்றன?

பதில்: விற்பனைக்கு வருபவை குஞ்சுகள். அவற்றின் உடல் சாம்பல் கலந்த வெள்ளி நிறத்தில் இருக்கும். பக்கத்துத் தொட்டியில் மின்னும் நியான் டெட்ராவை வாங்கிக்கொண்டு இதை விட்டுச் செல்பவர்களே அதிகம். நிறம் ஏறப் பல மாதங்கள் பிடிக்கும், அதுவும் ஆண் மீனுக்குத்தான் முழுமையாக ஏறும். எதிரில் போட்டிக்கு இன்னோர் ஆணும் பார்ப்பதற்குப் பெண்களும் இருந்தால்தான் அது உச்சத்தைத் தொடும். காலையில் தொட்டி விளக்கு எரிந்ததும் கவனித்தால், ஆணின் நெற்றியிலிருந்து முதுகுத் துடுப்பு வரை ஒளிக்கோடு ஒன்று சட்டென்று ஏறி அணைவதைக் காணலாம். இனப்பெருக்கத்துக்கான அழைப்பு அது.

ஆகவே ஆறு மீன்களுக்குக் குறையாமல் வளர்க்க வேண்டும். போஸ்மன் இனம் 10 செ.மீ. வரை வளரும், ஓயாமல் நீந்தும்; நான்கடி நீளத் தொட்டி இல்லாதவர்கள் 6 செ.மீ. அளவே வளரும் நியான் வானவில் மீனைத் தேர்ந்தெடுக்கலாம். அயமாரு சுண்ணாம்புப் பாறைப் பகுதி என்பதால் போஸ்மன் இனத்துக்குக் கடின நீர் ஒத்துப்போகும். பிற மீன்களுக்குத் தொல்லையாகும் போர்வெல் தண்ணீர், உப்புக் கரிக்காத வரை, இதற்குக் குறையல்ல. குழாய்த் தண்ணீரானால் குளோரினை நீக்கிவிட்டு ஊற்ற வேண்டும். வெப்பம் 24 முதல் 28 டிகிரி வரை போதும். வாரம் ஒருமுறை நீரில் கால் பங்கை மாற்றுவது அவசியம். மூடி இல்லாத தொட்டியில் இதை விடவே கூடாது. பயந்தால் துள்ளித் தரையில் விழும். தொண்டை குறுகியது, எனவே உணவு பொடியாக இருக்க வேண்டும். கொசுப்புழு, டாஃப்னியா, ஸ்பைருலினா கலந்த உணவு ஆகியவற்றை மாற்றி மாற்றிக் கொடுத்தால் நிறம் செழிக்கும்.

கேள்வி: வீட்டில் குஞ்சு பொரிக்குமா?

பதில்: எளிதில் பொரிக்கும். பெண் மீன் நாள்தோறும் சில முட்டைகளை ஜாவா பாசியில் இடும். அவை மெல்லிய இழையால் பாசியில் ஒட்டிக்கொள்ளும். பாசியை வேறு தொட்டிக்கு மாற்றினால் ஒரு வாரம் பத்து நாளில் குஞ்சுகள் வெளிவரும். முதல் நாட்களில் கண்ணுக்கு எட்டாத நுண்ணுயிர்களே அவற்றின் உணவு. சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. தனித்தனி ஏரிகளில் ஒன்றையொன்று காணாமல் வாழ்ந்த இனங்கள், ஒரே தொட்டியில் சேர்ந்தால் தயங்காமல் கலந்துவிடும். கலப்புக் குஞ்சுகளில் போஸ்மனின் நீலமும் ஆரஞ்சும் தெளிவாகப் பிரிந்து நிற்பதில்லை. பல இனங்களின் பெண் மீன்கள் ஒன்றுபோல் தோன்றுவதால் கலப்பு நடந்ததும் தெரிவதில்லை. குஞ்சு எடுக்க விரும்புவோர் ஒரு தொட்டிக்கு ஓர் இனம் என்று வைத்துக்கொள்வதே வழி.