பழைய ஐக்கான் சூடேறுகிறதா?

மறைமலைநகரில் 1999 முதல் தயாரான ஃபோர்டு ஐக்கானின் 1.6 பெட்ரோல் இன்ஜினுக்கு இன்றும் பாய்ச்சல் குறையவில்லை. அதன் எதிரி சூடுதான். திருச்சியில் காவிரிப் பாலத்தில் ஊர்ந்து மாம்பழச்சாலையில் நிற்கும்போது மட்டும் டெம்பரேச்சர் முள் ஏறி, சென்னை பைபாஸில் இறங்கினால், ரேடியேட்டர் ஃபேனைப் பாருங்கள்: முதலில் ஃபியூஸ், பிறகு ரிலே, கடைசியில்தான் மோட்டார்.

வேகமாகப் போகும்போதும் ஏறுகிறதா? கூலன்ட் குறைந்திருக்கலாம், தெர்மோஸ்டாட் சிக்கியிருக்கலாம், ரேடியேட்டர் அடைத்திருக்கலாம். தெர்மோஸ்டாட்டின் பிளாஸ்டிக் கூடு வயதானால் விரிசல் விடும்; அங்கே காய்ந்த கறை இருக்கிறதா பாருங்கள். தெர்மோஸ்டாட்டையே கழற்றிவிட்டு ஓட்டச் சொல்வார்கள், சம்மதிக்காதீர்கள். போர் தண்ணீர் வேண்டவே வேண்டாம், உப்பு படியும். டிஸ்டில்டு வாட்டரும் கூலன்ட்டும் சரிபாதி ஊற்றுங்கள்.

முள் சிவப்பைத் தொட்டால் ஏசியை அணைத்து, ஹீட்டரை முழுதாக வைத்து, ஓரம்கட்டி இன்ஜினை நிறுத்துங்கள். நன்றாக ஆறும்வரை கூலன்ட் மூடியைத் தொடக்கூடாது. கொதிநீர் முகத்தில் பீய்ச்சும். சிலிண்டர் ஹெட் அலுமினியம், சூட்டில் வளைந்தால் செலவு பெரிது.

சூட்டைத் தவிர இன்னும் இரண்டு தொல்லைகள். ஐட்லிங் ஏறி இறங்கினால் முதலில் த்ராட்டில் பாடியைச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். ஸ்டார்ட் செய்யும்போது 'டிக் டிக்' சத்தம் மட்டும் வந்தால், புது பேட்டரி வாங்குமுன் டெர்மினலையும் எர்த் வயரையும் தேய்த்து இறுக்கிப் பாருங்கள்.