சர்க்கரை டப்பாவை உள்ளே வை: ஸ்மூத்தி கடை தொடங்கும் தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

மதுரையில் காய்கறி, பழ ஸ்மூத்திக்கென்றே ஒரு கடை போடப் போவதாக எழுதியிருந்தாய். கூடவே வைத்திருந்த பட்டியலையும் பார்த்தேன். எல்லா வகையிலும் இஞ்சியோ பச்சை மஞ்சளோ பட்டையோ புதினாவோ இருக்கிறது. அது எனக்குப் பிடித்தது. ஒவ்வொன்றின் கீழும் ஒரு நோயின் பெயரும் இருக்கிறது. அதை மட்டும் அடித்துவிடு.

உணவு எந்த நோயையும் தீர்க்கும் என்று விளம்பரம் செய்ய 2018-இல் வந்த உணவுப் பாதுகாப்பு விதிமுறைகள் இடம் தரவில்லை. சட்டம் ஒருபக்கம் இருக்கட்டும். நீ சேர்க்கும் அளவைக் கணக்குப் போட்டுப் பார். மஞ்சளையும் மிளகையும் சேர்ப்பவர்கள் எல்லோரும் சொல்லும் ஆய்வு 1998-இல் பெங்களூரில் நடந்தது. மஞ்சளில் உள்ள குர்குமினோடு மிளகிலிருந்து எடுத்த பைப்பரினைக் கொடுத்தபோது, உடல் குர்குமினை ஏற்பது 20 மடங்கு கூடியது. உண்மைதான். ஆனால் அங்கே கொடுத்தது 2 கிராம் குர்குமின். பச்சை மஞ்சளில் ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர். காய்ந்த மஞ்சளிலேயே குர்குமின் நூற்றுக்கு மூன்று பங்கு அளவில்தான் இருக்கும். நீ ஒரு கிளாஸில் போடும் 5 கிராம் துண்டிலிருந்து வருவது சுமார் 30 மில்லிகிராம். இதை வைத்து மூட்டுவலி தீரும் என்று பலகையில் எழுதினால், வலியோடு வருபவருக்குப் பொய்யான நம்பிக்கை கொடுக்கிறாய்.

பிறகு எதற்கு மசாலா? சர்க்கரையை வெளியேற்றுவதற்கு. நான் உனக்குச் சொல்ல வேண்டியது இது ஒன்றுதான். மற்றதெல்லாம் இதன் செய்முறை.

நம் ஜூஸ் கடைகளில் கை தானாகவே சர்க்கரை டப்பாவுக்குப் போகிறது. அதற்குக் காரணம் ஐஸ். நாக்கு குளிர்ந்தால் இனிப்பு குறைவாகத் தெரியும். ஐஸ் உருகினால் பழத்தின் சுவையும் நீர்த்துப் போகும். இரண்டையும் சரிக்கட்ட இரண்டு கரண்டி சர்க்கரை விழுகிறது. முதலில் ஐஸைக் குறை. மாம்பழத்தையும் பப்பாளியையும் துண்டு போட்டு ஃப்ரீசரில் வைத்து, அதையே ஐஸுக்குப் பதிலாக அரை. தண்ணீர் சேராமல் குளிர்ச்சி கிடைக்கும். அதன்மேல் இஞ்சியின் காரமும், எலுமிச்சையின் புளிப்பும், ஒரு சிட்டிகை உப்பும் சேர்ந்தால் பழத்தில் இருக்கும் இனிப்பே போதுமானதாகத் தெரியும். உப்பு கசப்பை அடக்கி இனிப்பை முன்னே கொண்டுவரும். பள்ளிக்கூட வாசலில் கொய்யாவைக் கீறி உப்பும் மிளகாய்த்தூளும் தடவித் தரும் பாட்டிமாருக்கு இது தெரியும். யாரும் அந்தக் கொய்யாவுக்குச் சர்க்கரை கேட்டதில்லை.

அந்தக் கொய்யாவையே உன் முதல் கிளாஸாக வை. நன்றாகப் பழுத்த கொய்யா 100 கிராம், தோலோடு வெள்ளரிக்காய் 100 கிராம், புதினா பத்து இலை, விரல் நுனி அளவு இளம் இஞ்சி, விதை நீக்கிய பச்சை மிளகாய் ஒரு மெல்லிய கீற்று, அரை மூடி எலுமிச்சை, உப்பு, அப்போது வறுத்து இடித்த சீரகம் ஒரு சிட்டிகை. கொய்யா விதை பல்லில் மாட்டும் என்று முழுவதையும் வடிகட்டிவிடாதே. நடுவிலுள்ள விதைப் பகுதியை மட்டும் தோண்டி, கொஞ்சம் தண்ணீர் விட்டு ஒரு சுற்று ஓட்டி, சல்லடையில் தேய்த்து எடு. சதைப்பகுதி தோலோடு அப்படியே ஜாருக்குள் போகட்டும். ஜூஸரில் பிழிந்தால் நார் குப்பைக்குப் போகும். அரைத்தால் கிளாஸிலேயே தங்கும். நீ ஸ்மூத்தி கடை போடுவதற்கு அதைவிடப் பெரிய நியாயம் எனக்குத் தெரியவில்லை.

ஜாரில் போடும் வரிசையும் முக்கியம். கீரையோ கறிவேப்பிலையோ இருந்தால் பாதித் தண்ணீரோடு முதலில் அதை அரை. பிறகு கேரட் போன்ற கடினமான காய், பிறகு பழம். புதினாவும் கொத்தமல்லியும் கடைசியில் இரண்டே சுற்று. அதிகம் ஓட்டினால் நிறம் கறுத்து வாசம் போய்விடும். இஞ்சியைத் தோல் சுரண்டி, நாருக்குக் குறுக்கே மெல்லிய வில்லைகளாக நறுக்கு. முற்றிய இஞ்சிதான் கிடைத்தது என்றால் தட்டிப் பிழிந்து, சாற்றைப் பத்து நிமிடம் தெளியவிட்டு, அடியில் தங்கும் வெள்ளை மண்டியை விட்டுவிட்டு மேலே இருப்பதை மட்டும் எடு. நம் வீடுகளில் காலங்காலமாகச் செய்வது இது. மிளகை அரைத்து டப்பாவில் வைக்காதே. சின்ன உரலில் அப்போதைக்கப்போது தட்டு. பட்டைத்தூள் குளிர்ந்த பழக்கூழில் கரையாது, தொண்டையில் ஒட்டும். பட்டையையும் சீரகத்தையும் தண்ணீரில் கொதிக்கவிட்டு, ஆறவைத்து, அரைக்கும்போது வெறும் தண்ணீருக்குப் பதிலாக அதை ஊற்று. பட்டை வாங்கும்போது காகிதம் போல மெல்லிய சுருளாக இருக்கும் இலங்கைப் பட்டையைக் கேள். கடைகளில் அதிகம் கிடைக்கும் தடித்த பட்டையில் கூமரின் என்ற பொருள் கூடுதல். தினமும் அதிகமாகச் சேர்ந்தால் கல்லீரலுக்கு நல்லதல்ல. உன்னிடம் தினமும் வருபவர்கள் இருப்பார்கள் என்பதை நினைவில் வை.

மஞ்சள் கிளாஸைப் பற்றிக் கேட்டிருந்தாய். தை மாதம் பொங்கலுக்குக் கொத்தோடு வரும் பச்சை மஞ்சள்தான் இதற்கு உயிர். அப்போது கிழங்காக வாங்கி, கழுவி, வில்லை போட்டு ஃப்ரீசரில் வைத்துக்கொள். அது தீர்ந்தால் பட்டியலிலிருந்து எடுத்துவிடு. சமைக்காத பானத்தில் மஞ்சள்தூள் பச்சை வாடை அடிக்கும். ஈரோட்டு மஞ்சளே ஆனாலும் அப்படித்தான். கேரட் 100 கிராம், பப்பாளி 100 கிராம், மஞ்சள் 5 கிராம், இஞ்சி கொஞ்சம், தட்டிய மிளகு மூன்று, அரை கிளாஸ் தேங்காய்ப்பால். இந்தத் தேங்காய்ப்பாலை ருசிக்கு மட்டும் சொல்லவில்லை. கேரட்டின் பீட்டா கரோட்டினும் மஞ்சளின் குர்குமினும் கொழுப்பில் கரைபவை. கொஞ்சம் கொழுப்பு இருந்தால்தான் உடல் அவற்றை எடுத்துக்கொள்ளும். மிளகின் காரம் மஞ்சளின் மண்வாசனையை மட்டுப்படுத்தும். எனக்கு அந்தச் சேர்க்கையில் பிடித்ததே அதுதான்.

மாட்டுப்பாலிலும் தயிரிலும் கவனமாக இரு. பச்சை இஞ்சியில் பாலைத் திரிக்கும் நொதி இருக்கிறது. அன்னாசியிலும் பால் புரதத்தை உடைக்கும் நொதி உண்டு. இவற்றைப் பாலோடு அரைத்தவுடன் நன்றாக இருக்கும், கொஞ்ச நேரத்தில் கசக்கும். டீக்கடையில் இஞ்சியைத் தண்ணீரில் நன்றாகக் கொதிக்கவிட்ட பிறகுதான் பால் ஊற்றுவார்கள். கொதித்தால் அந்த நொதி அழிந்துவிடும். பால் சேர்த்த வகைகளுக்கு ஏலக்காய் போதும். வாழைப்பழத்தையும் எல்லாவற்றிலும் போடாதே. விலை மலிவு, கெட்டியாகவும் வரும், புரிகிறது. ஆனால் திராட்சை, ஆப்பிள், ஸ்ட்ராபெர்ரியில் இருக்கும் ஃப்ளேவனால்கள் என்ற நல்ல பொருள்களை வாழைப்பழத்தின் ஒரு நொதி சிதைத்துவிடுகிறது. 2023-இல் வெளிவந்த கலிஃபோர்னியா பல்கலைக்கழக டேவிஸ் வளாக ஆய்வில், வாழைப்பழம் சேர்த்து அரைத்த ஸ்மூத்தியைக் குடித்தவர்களின் உடலில் அவை 84 சதவீதம் குறைவாகச் சேர்ந்தன. அந்தப் பழங்களோடு மாம்பழத்தையோ ஆரஞ்சையோ சேர். சிறுமலை வாழைப்பழத்துக்கு ஏலக்காயும் கேரட்டும் நல்ல துணை.

அடுத்ததை நீ ஒருநாளும் மறக்கக் கூடாது. சுரைக்காய், வெள்ளரிக்காய் எதுவாக இருந்தாலும் ஜாரில் போடும் முன் ஒவ்வொரு காயிலும் ஒரு சிறு துண்டைக் கடித்துப் பார். கசந்தால் முழுக்காயையும் எறி, ஒரு துண்டு கூட மிச்சம் வைக்காதே. 2010-இல் டெல்லியில் ஒரு விஞ்ஞானி கசந்த சுரைக்காய்ச் சாற்றைக் குடித்து இறந்துபோனார். கசப்பான சுரைக்காய்ச் சாற்றைக் குடிக்கவே கூடாது என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சி மன்றம் அமைத்த வல்லுநர் குழு பிறகு எச்சரித்தது. கசப்பென்றால் உடம்புக்கு நல்லது என்று நம்மிடம் ஒரு நினைப்பு உண்டு. பாகற்காய்க்கு அது பொருந்தும். சுரைக்காயின் கசப்பு குக்குர்பிட்டசின் என்ற நஞ்சு. இஞ்சியும் எலுமிச்சையும் அந்தக் கசப்பை மறைத்துவிடும் என்பதால் உன்னைப் போல மசாலா சேர்ப்பவனுக்கு இங்கே பொறுப்பு இரண்டு மடங்கு.

பசலையும் பாலக்கும் பீட்ரூட்டும் தினமும் கேட்பவரிடம் சிறுநீரகக் கல் இருந்ததா என்று கேள். அவற்றில் ஆக்ஸலேட் அதிகம். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுபவர் தினமும் கீரை ஸ்மூத்தி குடிக்கத் தொடங்கும் முன் மருத்துவரைக் கேட்க வேண்டும். சிறுநீரகக் கோளாறு உள்ளவருக்கு வாழைப்பழமும் இளநீரும் ஆகாமல் போகலாம். இவற்றைச் சுவரில் சின்ன எழுத்தில் ஒட்டாதே, வாயால் சொல்.

அளவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 100 கிராம் மாம்பழத்தில் சுமார் 14 கிராம் சர்க்கரை இருக்கிறது. வாழைப்பழத்தில் 12, பப்பாளியில் 8, கேரட்டில் 5, வெள்ளரியில் 2. கிளாஸில் பாதியாவது காயாக இருக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். பழத்தை அரைத்தால் மெல்லும் வேலை போய்விடுகிறது. இரண்டு மாம்பழத்தை ஒரு நிமிடத்தில் குடித்துவிடலாம். பிரிட்டனின் தேசிய சுகாதாரச் சேவை, பழச்சாறும் ஸ்மூத்தியும் சேர்த்து ஒரு நாளைக்கு 150 மில்லிக்கு மேல் வேண்டாம் என்கிறது. அரை லிட்டர் டம்ளரை நீ வாங்கவே வாங்காதே. சின்ன கிளாஸ் போதும், அதில் பாதி காய். பக்கத்துக் கடையின் பெரிய டம்ளரைக் காட்டி விலை கேட்பார்கள். கேட்கட்டும், உள்ளே என்ன இருக்கிறது என்று கிராம் கணக்கோடு சொல்.

சர்க்கரை வேண்டும் என்று கேட்பவருக்கு மறுக்காதே. டப்பாவை மேசைமேல் வைக்காமல் உள்ளே வைத்திரு. முதலில் சர்க்கரை போடாமல் கொடு, இரண்டு வாய் குடிக்கச் சொல், அப்புறமும் கேட்டால் எடுத்துப் போடு. கடை திறந்து ஒரு மாதம் கழித்து எத்தனை பேர் இரண்டாம் முறை சர்க்கரை கேட்டார்கள் என்று எனக்கு எழுது.

அன்புடன்,
உன் அண்ணன்