வானொலி மௌனம்

விண்வெளிப் போர்க் கதைகளிற் கலங்கள் வானொலியை அடக்கி மறைந்து செல்வதைப் படிக்கின்றோம். இத்தந்திரத்தை நம் இலங்கை நேரிற் கண்டதுண்டு. வானொலியிற் பேசுவோன் தானிருக்கும் திசையையும் பகைவனுக்கு உணர்த்திவிடுகின்றான். ஆதலின் 1942 ஏப்பிரலில் நகுமோவின் யப்பானியக் கடற்படை மௌனமாகவே இலங்கையை அணுகிற்று. 4ஆந் திகதி கனடிய விமானி பேர்ச்சால் அதனைக் கண்டு வானொலியில் அறிவித்தார். அறிவிக்கையிலேயே அவர் விமானம் தாக்குண்டு வீழ, அவர் சிறைப்பட்டார். கொழும்பு தாக்கப்பட்டது மறுநாள், எச்சரிக்கை முந்திவிட்டது.

விண்வெளியிலோ மௌனம் மட்டும் மறைவாகாது. அக்குறணை மலைச்சரிவில் ஒருவன் வாய்திறவாதிருப்பினும், இரவில் அவன் மூட்டிய தீ எதிர்ச்சரிவிற்குத் தெரியும். குளிர்ந்த வெளியிற் கலத்தின் வெப்பமும் அவ்வாறே அதனைக் காட்டிக்கொடுக்கும். மறைவோனுக்கு மௌனம் துணை. காவலனுக்கோ, உயிர் போவதாயினும், பேசுவதே கடமை என்பதை நாம் உணர்தல் வேண்டும்.