அமிலாய்டோசிஸ்: எக்கோவில் ஒன்று, ஈசிஜியில் வேறொன்று

அமிலாய்டோசிஸ் ஒரே நோய் என்ற எண்ணத்தில்தான் பாதிக் குழப்பம் தொடங்குகிறது. மடிப்பு பிசகிய புரதங்கள் கரையாத இழைகளாகத் திரண்டு உறுப்புகளில் படிவது எல்லா வகைக்கும் பொது. ஆனால் அப்படிப் படியக்கூடிய புரதங்கள் 30-க்கும் மேல். ஏஎல் வகையில் எலும்பு மஜ்ஜையின் பிளாஸ்மா செல்கள் சுரக்கும் ஆன்டிபாடித் துண்டுகள் படிகின்றன. ஏஏ வகையில், நாள்பட்ட அழற்சியின்போது கல்லீரல் சுரக்கும் புரதம். ஏடிடிஆர் வகையில், கல்லீரலிலேயே உருவாகும் டிரான்ஸ்தைரெடின். எந்த உறுப்பு கெடும் என்பது பெரும்பாலும் இதைப் பொறுத்ததே.

அமிலாய்டு என்றதும் அல்சைமர் நினைவுக்கு வருகிறது. அது மூளையோடு நிற்கும் வேறு புரதம். ஏஎல் வகை பொதுவாக மூளைத் திசுவைத் தொடுவதில்லை. சிறுநீரகமும் இதயமும்தான் அதன் முக்கிய இலக்குகள்.

கிரியாட்டினின் சரியாக இருந்தால் சிறுநீரகம் நலம் என்பதும் இங்கே பொருந்தாது. கிரியாட்டினின் ஏறுவதற்கு முன்பே சிறுநீரில் புரதம் கொட்டத் தொடங்கி, கால் வீங்கிவிடலாம். இந்தியாவில் நீண்டகாலக் காசநோய் ஏஏ வகைக்கு முக்கியக் காரணங்களில் ஒன்று. அதில் முதலில் அடிபடுவது பெரும்பாலும் சிறுநீரகமே.

அதிகம் ஏமாற்றுவது இதயம். எக்கோவில் சுவர் தடித்திருந்தால் ரத்தக் கொதிப்பின் விளைவு என்று எழுதிவிடுவது எளிது. கொதிப்பால் தசை வளர்ந்திருந்தால் ஈசிஜி அலைகள் உயர வேண்டும். அமிலாய்டால் தடித்த சுவரிலோ அலைகள் சுவருக்கு ஏற்ப உயர்வதில்லை. சிலருக்குக் குட்டையாகவே இருக்கும். இந்த முரண்பாடு ஒரு நல்ல துப்பு. ‘பம்பிங் நன்றாக இருக்கிறது’ என்ற ஆறுதலும் போதாது. தொடக்கத்தில் கெடுவது சுருங்கும் ஆற்றல் அல்ல, விறைத்த இதயம் தளர்ந்து ரத்தத்தை நிரப்பிக்கொள்ளும் ஆற்றல். பல ஆண்டுகள் கொதிப்பு மாத்திரை சாப்பிட்டவருக்கு அது திடீரெனத் தேவைப்படாமல் போவதையும் நல்ல செய்தியாக மட்டும் எடுத்துக்கொள்ளக் கூடாது.

பாத எரிச்சல் எல்லாமே சர்க்கரையால் வருவதல்ல. எழுந்து நின்றால் தலைசுற்றல், மாறிமாறி வரும் பேதியும் மலச்சிக்கலும் சேர்ந்தால் நரம்புகளில் அமிலாய்டு படிந்திருக்கலாம். ஏடிடிஆர் வகையில் இரு மணிக்கட்டிலும் நரம்பு நெரிபடுவது, இதயக் கோளாறு தெரிவதற்குப் பல ஆண்டுகள் முன்பே வரக்கூடும். அந்த நெரிசலை நீக்கும் அறுவை சிகிச்சையில் எடுத்த திசுவைச் சோதிக்காமல் எறிவது வீண். நாக்குத் தடிப்பும் கண்ணைச் சுற்றிய ரத்தக்கட்டும் ஏஎல் வகையின் அடையாளங்கள், எல்லோருக்கும் வருவதில்லை.

ஒரு ரத்தப் பரிசோதனையால் இதை உறுதி செய்ய முடியாது. வயிற்றுக் கொழுப்பிலோ பாதித்த உறுப்பிலோ எடுத்த திசுவில் காங்கோ சிவப்புச் சாயம் ஏற்றி, முனைவாக்கிய ஒளியில் ஆப்பிள் பச்சையாக மின்னுகிறதா என்று பார்க்க வேண்டும். இதயத்தில் படியும் ஏடிடிஆர் வகையை ஐசோடோப் ஸ்கேனாலும் உறுதி செய்யலாம். ஆனால் அதற்கு முன் ஏஎல் இல்லை என்று ரத்தமும் சிறுநீரும் சொல்ல வேண்டும்.

மருந்தே இல்லை என்பது பழைய கதை. ஏடிடிஆர் இதய நோய்க்கு டஃபாமிடிஸ் 2019-இலும், ஏஎல் வகைக்கு டாராடுமுமாப் 2021-இலும் அமெரிக்காவில் அனுமதி பெற்றன. ஏஏ வகையில் அழற்சிக்குக் காரணமான அடிப்படை நோயைக் கட்டுப்படுத்துவதே சிகிச்சை. இவை முக்கியமாகப் புதிய படிவைத் தடுப்பவை. ஏற்கெனவே படிந்தது மெல்லத்தான் கரையும் என்பதால், ரத்த அறிக்கை சீரான பிறகும் உறுப்புகள் தேற மாதங்கள், சில வேளை ஆண்டுகள் ஆகும்.