முன்கோபம் தந்தைவழிச் சொத்தா?
(அலகு: தலைமுறையுரிமை – மேலதிக வாசிப்பு)

மாணவர்களே, இலிங்கமிணைந்த தலைமுறையுரிமை என்றதும் குருதியுறையாமை, நிறக்குருடு என்று எழுதிவிடுவீர்கள். அதே விதிக்கு அமையும் இன்னோர் உதாரணத்தை இங்கு பார்ப்போம். "அப்பனைப் போலவே முரடன்" என்று ஊரில் சிலரைச் சொல்வதுண்டு. அக்கூற்றைச் சோதித்துப் பார்க்கவும் இது உதவும்.

மூளையில் செரற்றோனின், டோபமீன், நோரதிரனலின் ஆகிய நரம்புக் கடத்திகளை உடைக்கும் நொதியங்களுள் ஒன்று மொனோஅமைன் ஒட்சிடேசு ஏ. அதற்குரிய பரம்பரையலகு எக்ஸ் நிறமூர்த்தத்தில் உள்ளது. நெதர்லாந்துக் குடும்பமொன்றில் ஆண்கள் சிலர் சிறு காரணத்துக்கும் வன்முறையில் இறங்கினர். அவர்களது நுண்ணறிவும் சற்றுக் குறைவாக இருந்தது. பெண்களுக்கு இக்குறைபாடு இல்லை. ஹான் புருன்னர் குழுவினர் 1993 இல் காரணத்தை வெளியிட்டனர். இப்பரம்பரையலகில் ஒரேயொரு நைதரசன் மூலம் மாறியிருந்ததால் நொதியம் முழுமையாக உருவாகவில்லை. இவ்விகாரம் மிக அரிதானது.

பெண்ணிடம் இரண்டு எக்ஸ் உண்டு; ஒன்று பழுதானாலும் மற்றையது ஈடுசெய்யும், அவள் காவியாவாள். ஆணிடம் இருப்பது ஒன்றே. இப்போது கவனியுங்கள்: தந்தை மகனுக்குக் கொடுப்பது வை நிறமூர்த்தம். ஆகவே இப்பரம்பரையலகு மகனுக்குத் தாயிடமிருந்தே வரும். முரட்டுத் தந்தையின் மகன் முரடனானால், அதற்கு இந்தப் பரம்பரையலகைக் காரணங்காட்ட முடியாது! வீட்டில் அவன் நாளும் பார்த்தது எது என்றும் கேட்க வேண்டும்.

சூழலின் பங்கை மாத்தளைப் பிள்ளைகளுக்கு விளக்குவது எளிது. ஒரே மிளகுக் கொடியில் வெட்டிய இரு தண்டுத் துண்டங்களுள் ஒன்றை அளவான நிழலிலும், மற்றையதைக் கடும் வெயிலிலும் நட்டுப் பாருங்கள். பிறப்புரிமையமைப்பு ஒன்றே, தோற்றவமைப்போ வேறு.

மனிதரிலும் இதை ஆராய்ந்துள்ளனர். இந்நொதியத்தின் தொழிற்பாடு குறைவாயிருப்பது பல ஆண்களிடம் காணப்படும் சாதாரண வேறுபாடே. மேலே கூறிய அரிய விகாரத்துடன் இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். நியூசிலாந்தின் டனிடின் நகரில் 442 ஆண்களைக் குழந்தைப் பருவத்திலிருந்து அவதானித்த ஆய்வு 2002 இல் வெளியானது. குறைந்த தொழிற்பாடும் சிறுவயதுத் துன்புறுத்தலும் ஒருங்கே அமைந்தோர் 12 வீதத்தினரே. ஆனால் அக்குழுவின் வன்முறைக் குற்றத் தீர்ப்புகளில் 44 வீதம் அவர்களுடையது. துன்புறுத்தப்படாதோரில் அந்தப் பரம்பரையலகு வேறுபாடு குறிப்பிடத்தக்க தாக்கத்தைக் காட்டவில்லை. பின்வந்த ஆய்வுகள் யாவும் இதே அளவு விளைவைத் தரவில்லை என்பதையும் நினைவிற் கொள்க.

பயிற்சி வினா: மேற்கூறிய நெதர்லாந்துக் குடும்பத்தின் காவிப் பெண்ணொருத்தி சாதாரண ஆணை மணக்கிறாள். பிள்ளைகளின் நிலை யாது?

விடை: ஒவ்வொரு மகனும் குறைபாட்டைப் பெறுவதற்கான நிகழ்தகவு 1/2. மகள்மாரில் எவருக்கும் குறைபாடு வெளிப்படாது. ஒவ்வொரு மகளும் காவியாவதற்கான நிகழ்தகவு 1/2. ("பிள்ளைகளில் அரைவாசிப் பேர்" என மொட்டையாக எழுதுவது பலர் விடும் பிழை.)