டேஷ்போர்டுக்குப் பின்னால் ஓடும் ஒயர்

நம் கோவில்பட்டி வட்டாரத்திலிருந்து லாரி ஏறும் சரக்குகளில் தீப்பெட்டியும் பருத்தியும் ஒரு சிறு பொறியைக்கூடத் தாங்காதவை. ஐ.நா.வின் அபாயப் பொருள் பட்டியலில் தீப்பெட்டிக்கு 1944 என்ற எண்ணே தரப்பட்டுள்ளது. எனவே சரக்கைப் பார்த்துக் கட்டுவது போலவே, அதைச் சுமக்கும் வண்டியின் ஒயரிங்கையும் பார்க்க வேண்டும்.

கம்பெனி போட்ட ஒயரிங்கில் பெரும்பாலும் குறை இராது. பின்னால் நாம் சேர்க்கும் பாட்டுப் பெட்டி, ஜி.பி.எஸ்., சார்ஜர், கூடுதல் விளக்கு ஆகியவற்றின் ஒயர்தான் கவனிக்க வேண்டியது.

தீ எப்படிப் பிடிக்கிறது?

வண்டியின் இரும்பு உடல்தான் எர்த். தகரத்தின் விளிம்பில் ஒயர் உரசி, மேலுறை தேய்ந்து, செம்பு தகரத்தைத் தொட்டால் பேட்டரியின் முழு மின்சாரமும் அந்த ஒயரில் பாயும். சில நொடிகளில் ஒயர் பழுத்து எரியும். சுவிட்சை அணைத்திருந்தாலும் பேட்டரியிலிருந்து சுவிட்ச் வரையுள்ள ஒயரில் மின்சாரம் இருந்துகொண்டே இருக்கும். இதைத் தடுப்பது பியூஸ் ஒன்றுதான்.

கணக்கு எளிது

வாட்டை வோல்ட்டால் வகுத்தால் ஆம்பியர். 24 வோல்ட் லாரியில் 70 வாட் விளக்கு இரண்டு போட்டால் 140 வாட். ஏறக்குறைய 6 ஆம்பியர். இதற்கு 1.5 சதுர மில்லிமீட்டர் ஒயரும் 10 ஆம்பியர் பியூசும் போதும். பியூஸ் எரிகிறதென்று 30 ஆம்பியர் போடுவதும், செம்புக் கம்பியைச் சுற்றுவதும் ஒயரையே பியூசாக்குவதாகும்.

வேலை செய்யும் முறை

1. முதலில் பேட்டரியின் எர்த் ஒயரைக் கழற்றவும்.

2. பியூஸ் பேட்டரிக்கு ஒரு சாண் தூரத்துக்குள் இருக்கட்டும். டேஷ்போர்டுக்குள் வைத்தால் அதுவரை வரும் ஒயருக்குக் காவல் இல்லை.

3. தகரத்தில் துளையிட்டு நுழைக்கும் இடத்தில் ரப்பர் வளையம் அவசியம்.

4. ஸ்டீயரிங் தண்டு, பெடல், வைப்பர் கம்பி ஆகியவற்றை விட்டு விலக்கி, கம்பெனி ஒயர்க் கற்றையுடன் சேர்த்துக் கட்டவும். தொங்க விடக் கூடாது.

5. ஒயரைச் சீவி முறுக்கி டேப் சுற்றுவது வேண்டாம். நம் கரிசல் காட்டு வெயிலில் டேப்பின் பசை இளகிவிடும், புழுதியும் ஒட்டும். கிளிப் வைத்து அழுத்திய இணைப்பே நிலைக்கும்.

6. விளக்குக்கு ரிலே போடவும்.

7. 24 வோல்ட் வண்டியில் 12 வோல்ட் சாதனத்துக்கு ஒரு பேட்டரியில் மட்டும் இணைப்பு எடுத்தால் இரண்டும் சமமாகச் சார்ஜ் ஆகாது, விரைவில் கெட்டுவிடும். கன்வெர்ட்டர் வாங்கிப் பொருத்தவும்.

சொந்த வண்டி இல்லாதவருக்கும் இது பொருந்தும். அபாயச் சரக்கை அனுப்புபவருக்கும் பொறுப்பு உண்டு என்கின்றன 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள். லோடு ஏற்றுமுன் டிரைவரிடம் மூன்று கேள்வி கேளுங்கள்: கூடுதலாக என்ன மாட்டியிருக்கிறது? அதற்குப் பியூஸ் எங்கே? அது எத்தனை ஆம்பியர்? பதில் தெரியாத வண்டியை, எலக்ட்ரீசியன் பார்த்த பிறகே ஏற்றச் சொல்லுங்கள்.